இலை கீறின மெனுவை நம்பிப் போய் ஏமாந்தோம்: உப்புவெளிப் பக்கம் சாப்பிடப் போகிறவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் பின்னேரத்தில் சாப்பிடப் போகிறவர்கள், அதுவும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும், இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதமாட்டேன். முறைப்பாடு ஒன்று போட்டிருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்கிறார் இவர், என் கணவர். எனக்கென்றால் பெயரோடு போர்ட்டையும் படம் எடுத்துப் போடத்தான் ஆசை.

அக்காவின் மகள் ஆடி மாதம் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தாள். என் பெறாமகள். ஆறு வருடமாக வீகன். மச்சம் மட்டுமில்லை, பால், தயிர், நெய், முட்டை, தேன் ஒன்றும் தொடமாட்டாள். வந்த முதல் நாள் இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியதே ஒரு கூத்து.

"அப்ப சைவம் எண்டு சொல்லன் பிள்ளை, ஏன் சுத்தி வளைக்கிறாய்?"

"சைவத்தில நெய் இருக்கு அம்மம்மா."

"நெய்யைச் சாமிக்கே ஊத்துறம். உனக்கு மட்டும் என்னவாம்?"

ஆனால் ஒரு கிழமைக்குள் எங்கள் எல்லோரையும் விட அம்மாதான் சரியாகப் பிடித்துக்கொண்டா. பாலப்பம் என்றதும் பெட்டை பின்வாங்க, "அது தேங்காய்ப்பால், பயப்பிடாமல் தின்" என்று தட்டில் வைத்தா. யோசித்துப் பார்த்தால் எங்கட சாப்பாட்டில் பாதிக்கு மேல் அவளுக்கென்றே செய்தது மாதிரித்தான். சொதி, புட்டு, இடியப்பம், கீரை, பலாக்கொட்டைக் கறி, முருங்கைக்காய்ப் பால்கறி, தொதல் என்று எதை எடுத்தாலும் தேங்காய்தான். வீட்டில் அவளுக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. கரைச்சல் படி தாண்டி வெளியே போனபோதுதான் தொடங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு, பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கோட்டை வாசலுக்கு வரும்போது பிள்ளைகளுக்குப் பசி. வழியில் நின்ற மான் ஒன்று அர்ச்சனைப் பையை இழுத்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு எங்களிடம் நேர்மையாகக் கொள்ளையடித்தது அது ஒன்றுதான்.

கடற்கரையோரம் லைற் எல்லாம் கட்டின ஒரு கடை. மெனு வழவழத்த தாள். முழுக்க ஆங்கிலம், ஒரு சொல் தமிழ் இல்லை. பெறாமகள்தான் முதலில் கண்டாள்.

"சின்னம்மா, இங்க பாருங்கோ, இலை போட்டிருக்கு!"

ஐந்து சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை கீறியிருந்தது. அவள் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, பிறகுதான் சொன்னாள். அமெரிக்காவில் ஒர்லாண்டோவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்கு சினேகிதிகளோடு போனவளாம். சவாரிக்கு வரிசையில் நின்று களைத்துப் போய், அங்கேயே ஏதாவது ஒரு கடையில்தான் சாப்பிட்டார்களாம். 2019ஆம் ஆண்டில் இருந்து அங்குள்ள மெனுக்களில் ஓர் இலைக் குறி போடுகிறார்கள். அது இருந்தால் இறைச்சி, பால், முட்டை, தேன் நாலும் இல்லை என்று அர்த்தம். இவள் யாரிடமும் எதையும் கேட்காமல் இலையைக் காட்டிக் காட்டியே நாள் முழுக்கச் சாப்பிட்டாளாம். அந்தப் பழக்கத்தில் இந்த இலையையும் நம்பிவிட்டாள். இங்கே அந்த இலைக்கு என்ன பொருள் என்று மெனுவின் ஒரு மூலையிலும் எழுதியிருக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

நான் கவனித்தது விலையைத்தான். மரக்கறிக் கொத்து 1,150 ரூபாய். அதற்குக் கீழே இலையோடு வீகன் கொத்து 1,950 ரூபாய். ஓடர் எடுக்க வந்த பெடியனிடம் ஏன் இந்த 800 என்று கேட்டேன்.

"அது வேற முறை மேடம். தனித் தாச்சி, தனி எண்ணெய், எல்லாம் தனி."

தனி என்றால் சரி என்று வீகன் கொத்து இரண்டு சொன்னோம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போன உடம்பு, தனித் தாச்சி என்றால் எனக்கும் நல்லதுதானே. இலை போட்ட தேங்காய் ரொட்டியும் சம்பலும், கத்தரிக்காயும் சேர்த்துச் சொன்னோம். பிள்ளைகளுக்கு நூடில்ஸ்.

முதலில் ரொட்டியும் சம்பலும் வந்தன. நல்ல சிவப்பு, தேசிக்காய்ப் புளி தூக்கலாக. குறை சொல்ல முடியாது, ருசி. மூன்றாவது வாயில் கடைவாய்ப் பல்லுக்குள் சிராம்பு மாதிரி ஏதோ ஒன்று மாட்டியது. எடுத்து ரிசுப் பேப்பரில் வைத்தேன். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், கோப்பி நிறம், ஒரு பக்கம் நார் நாராக. அம்மியில் சம்பல் அரைத்து வளர்ந்த ஒருத்திக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. மாசி.

தெரியாத இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுக் கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்தது. நுணுக்கி இடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது, சம்பலுக்கு ஒரு தூக்கு மட்டும் கொடுக்கும். இவர்கள் சரியாக இடிக்கவில்லை, அதனால்தான் பிடிபட்டார்கள்.

உடனே கொத்தைக் கிளறிப் பார்த்தேன். லீக்ஸுக்கும் கரட்டுக்கும் கீழே, ரொட்டித் துண்டுகளில் மஞ்சளும் வெள்ளையுமாக மெல்லிய சவ்வு ஒட்டியிருந்தது. முட்டை. பெறாமகள் அதற்குள் பாதித் தட்டை முடித்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். கரண்டியை மெதுவாக வைத்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வொஷ்ரூம் போயிட்டு வாறன் சின்னம்மா" என்று எழும்பிப் போனவள் கால் மணித்தியாலம் வரவில்லை.

பெடியனைக் கூப்பிட்டால் அவன் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. "முட்டை சைவம்தானே மேடம். மாசி வாசத்துக்குத்தான் போடுறது, மீன் துண்டு ஒண்டும் இல்லையே."

நேரே கொத்துப் போடுகிற இடத்துக்குப் போனேன். இரும்புத் தட்டில் ஒருவர் கோழிக் கொத்து அடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, வீகன் கொத்து எப்பிடிப் போடுறனீங்கள்?" என்று கோபம் காட்டாமல் கேட்டேன். அந்த மனிசனில் எனக்குக் கோபம் இல்லை, உண்மையைச் சொன்னார்.

"மரக்கறிக் கொத்துதான் அக்கா. இதே தட்டுத்தான். கறிவேப்பிலை கொஞ்சம் கூடப் போட்டு, மேல தேசிக்காய்த் துண்டு ஒண்டு வைப்பம். இலை கீறினது முதலாளியின்ட மகன். சீசனுக்கு முதல் மெனு மாத்தினவர்."

800 ரூபாய்க்கு ஒரு தேசிக்காய்த் துண்டு!

வீகன் என்ற சொல் தெரியாமல் ஒரு கடைக்காரர் முட்டையைப் போட்டுவிட்டால் நான் ஒரு பதிவும் எழுதமாட்டேன். அந்தச் சொல்லே 1944இல் இங்கிலாந்தில் உண்டாக்கினது, எங்கட ஊர்க் கடைக்காரர் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று யார் கேட்டார்? ஆனால் இவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் அதைத் தேடுகிறார்கள் என்றும், தேடுகிறவர்கள் கூடக் காசு கொடுப்பார்கள் என்றும் தெரிந்துதான் இலையைக் கீறியிருக்கிறார்கள். சட்டிக்குள் என்ன போகிறது என்பதை மட்டும் மாற்றவில்லை.

பில் வந்தது. ஒரே வரி: சாப்பாடு 9,400, சேவைக் கட்டணம் பத்து வீதம் 940, மொத்தம் 10,340. இரண்டு கொத்தையும் சம்பலையும் கழியுங்கள் என்றேன்.

"சாப்பிட்டு முடிச்சிட்டீங்களே மேடம்."

"பாதிதான் சாப்பிட்டது."

"மிச்சப் பாதியை நாங்கள் வேற ஆளுக்கு விக்கேலாதே."

இவர் கொஞ்சம் குரலை உயர்த்தினதும் மனேஜர் வந்தார். மிகவும் மரியாதையான ஆள். மன்னிப்புக் கேட்டார். பிள்ளையின் மனம் நொந்ததற்கு ஈடாகக் கடைச் செலவில் ஒரு கப் ஐஸ்கிறீம் தருகிறோம் என்றார். வனிலா.

முழுக் காசையும் கட்டிவிட்டுத்தான் வந்தோம். ஒவ்வொரு சாப்பாட்டையும் பிரித்து எழுதிய பில் கேட்டேன், மெஷின் பழுதாம். இதில்தான் நான் பிழை விட்டேன், நீங்கள் விடாதீர்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு பில்லைக் கேட்க வேண்டும், கொடுத்த பிறகு கேட்டால் மெஷின் பழுதாகத்தான் இருக்கும். நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாங்குகிறவரைத் தவறான வழியில் நம்ப வைப்பதும் அதன்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அந்தச் சபையில்தான் எடுப்பார்கள். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் ஒற்றை வரிப் பில்தான் இருந்தது. ஆனால் பெறாமகள் சந்தோஷத்தில் அந்த இலைப் பக்கத்தைப் படம் எடுத்துச் சினேகிதிக்கு அனுப்பியிருந்தாள், அது பெரிய உதவி. ஓடர் கொடுக்க முதல் மெனுவை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு மனம்தான் நொந்தது, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முகம் வீங்கி மூச்செடுக்க முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளையின் தாய் அந்த இலையை நம்பினால்? நான் கடிதத்தில் அழுத்தி எழுதினது இதைத்தான்.

அதற்குப் பிறகு இருந்த மூன்று கிழமையும் அவளோடு திரிந்ததில் நான் படித்தது இது. "வீகனா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "மரக்கறியா?" என்றாலும் ஓம்தான், மரக்கறி நூடில்ஸிலும் மரக்கறி ரைஸிலும் முட்டை சொல்லாமலே வரும். பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாசி போட்டதா? முட்டை போட்டதா? பட்டர், மாஜரின் தடவினதா? பிரைட் ரைஸ் என்றால் ஒயிஸ்டர் சோஸும் சிக்கன் கட்டியும் கேட்க வேண்டும், அந்தக் கட்டியைச் சமையல்காரர் இறைச்சி என்று கணக்கே எடுப்பதில்லை. அஜினமோட்டோவுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் அது கரும்பு மாதிரிப் பயிர்களில் இருந்து புளிக்க வைத்து எடுப்பது, வீகனுக்கு அதில் பிரச்சினை இல்லை. மாசி தேங்காய்ச் சம்பலில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சீனிச் சம்பல், கட்டைச் சம்பல், கத்தரிக்காய் மோஜு, சில கடைகளில் பருப்பிலும் கீரையிலும்கூட இருக்கும். ரோல்ஸ், கட்லட் உள்ளே மரக்கறி என்றாலும் வெளியே முட்டையில் தோய்த்துத்தான் தூள் பிரட்டுகிறார்கள். பருப்பு வடை நல்லது, இறால் வடை பொரிக்கிற அதே எண்ணெயா என்று மட்டும் பாருங்கள். யூஸ் கடையில் சொல்லாவிட்டால் ரின்பால் விழும். கடற்கரைக் கடைகளில் குசினிக்குள் நிற்பவர் பல நேரம் சிங்களவராக இருப்பார், இடையில் நிற்கிற பெடியன் சொன்னது உள்ளே போய்ச் சேராது. "உம்பலகட எபா, பித்தர எபா" என்று நேரே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாசி வேண்டாம், முட்டை வேண்டாம். இந்த நாலு சொல்லைப் பெறாமகள் பாட்டு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

அடுத்த திங்கள் மத்தியானம் ரவுணுக்குள் ஒரு சின்னச் சைவக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாழை இலைச் சாப்பாடு. பிள்ளை பாலும் நெய்யும் தயிரும் எடுக்காது ஐயா என்று மட்டும் சொன்னேன். வயதான முதலாளி ஏன் எதற்கென்று ஒன்றும் கேட்கவில்லை. விரதக்காரர் ஆயிரம் பேரைக் கண்டவர், ஆளுக்கொரு கட்டுப்பாடு இருக்கும் என்று பழகிய மனிசன். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைப்பூ வறை, ரசம் எல்லாம் வந்தன. அவள் வாயில் வைக்கப் போகும்போது கல்லாவில் இருந்து எழும்பி ஓடி வந்தார்.

"பொறு பிள்ளை, பொறு. அந்த மிளகாயைத் தின்னாத. அது மோர்மிளகாய், மோரில ஊறினது."

தன் கையாலேயே இலையில் இருந்து அந்த இரண்டு மிளகாயையும் எடுத்துவிட்டு, பாகற்காய்ப் பொரியல் வைத்துவிட்டுப் போனார். எனக்கே அது ஞாபகம் வரவில்லை. சாப்பாடு 450 ரூபாய்.

முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை, வந்தால் இதிலேயே சேர்த்துவிடுகிறேன். போன கிழமை இவர் வேலை விஷயமாக உப்புவெளிக்குப் போனபோது அந்தக் கடை வாசலில் மெனுவை எடுத்துப் பார்த்திருக்கிறார். இலை அப்படியே இருக்கிறதாம். கொத்து 2,100 ஆகிவிட்டது.