பல்லிடுக்கில் மூன்று எள்ளு

ஆரையம்பதியில் வீட்டு முன்னறையில் தையல் மிசின் போட்டிருக்கிறேன். குண்டூசியை வாயில் கவ்வுவதும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும் இருபது வருடப் பழக்கம். போன தைப்பொங்கலுக்கு முதல் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த சின்னப்பிள்ளை ஒன்று, "மாமி, உங்கட பல்லுக்குள்ள எள்ளு ஒட்டிக் கிடக்கு" என்றது. கண்ணாடியில் பார்த்தேன். எள்ளு இல்லை. மேல் முன்பற்களுக்கு இடையில், முரசை (ஈறை) ஒட்டி, மூன்று இடத்தில் முக்கோணமாக ஓட்டை. உள்ளே இருட்டு.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வேறொரு இடத்தில் பல் சுத்தம் செய்திருந்தேன். அவர்கள்தான் சுரண்டி ஓட்டையாக்கிவிட்டார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏசினேன். பிறகு ஒரு வாடிக்கைக்காரி சொல்லித்தான் இந்தப் பல் டொக்டரிடம் போனேன். மட்டக்களப்பு நகரில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்தே போகலாம். பெயர் போடவேண்டாம் என்று டொக்டர் கேட்டுக்கொண்டார். பகலில் அரச வேலை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் இங்கே வருவார்.

போனவுடன் ஓட்டையை அடைத்துத் தருவார் என்று நினைத்தேன். அவர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை முரசோரம் விட்டு விட்டு, "மூன்று, மூன்று, ஐந்து" என்று ஆழம் சொல்ல, உதவிக்கு நின்ற பிள்ளை எழுதிக்கொண்டது. நான் அளவெடுக்கும்போது மகள் எழுதுவது மாதிரியே. அப்புறம் எக்ஸ்ரே. ஓட்டை புதிதல்ல, முரசு வருத்தத்தில் உள்ளே எலும்பு முன்பே கரைந்திருக்கிறது, வீங்கிய முரசும் ஊத்தையும்தான் அதை மூடி வைத்திருந்தன என்றார். சுத்தம் செய்ததும் வீக்கம் வற்றி, இருந்தது தெரிந்திருக்கிறது. ஏசியதெல்லாம் வீண்.

அவர் சொன்ன கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது. பல்லும் பல்லும் தொடுகிற இடத்திலிருந்து உள்ளே எலும்பின் விளிம்பு வரை 5 மில்லிமீற்றருக்குள் இருந்தால், முரசு ஏறக்குறைய எப்போதும் அந்த இடையை நிரப்பிவிடும். 6 என்றால் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல். 7 ஆகிவிட்டால் நாலில் ஒருவருக்குத்தான். ஒரு மில்லிமீற்றரில் இவ்வளவு வித்தியாசமா என்று வேறு யாரும் கேட்கலாம், தையல்காரி கேட்கமாட்டாள்.

சரி, அடைக்கலாமே என்றேன். "இரத்தம் வருகிற முரசில் ஒட்டினால் நிற்காது அக்கா" என்று சொல்லி, போத்தல் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்றைக் கையில் தந்து அனுப்பினார். தினமும் இரவு இடுக்கில் விட்டு எடுக்கவேண்டும். இறுக்கமாகப் போகவேண்டும், ஆனால் கம்பி பல்லில் உரசக்கூடாது, இடுக்குக்கு ஏற்ற பருமன் வேண்டும். முதல் கிழமை இரத்தம். பிறகு நின்றது. இரண்டு மாதம் கழித்துத்தான் கதிரையில் இருத்தினார்.

ஊசி போடவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பல்லின் நிறம் பார்த்து, கண்ணாடி போன்ற வளைந்த தாளை இடுக்கில் செருகி, கொம்பொசிற் என்கிற பசை மாதிரியான அடைப்புப் பொருளை வைத்து நீல விளக்கால் இறுக வைத்தார். கக்கத்தில் முக்கோணத் துண்டு வைத்துத் தைப்பது போலத்தான். பல் அடியில் கொஞ்சம் அகலமாகிறது, பற்கள் தொடும் இடம் முரசுக்குக் கிட்டப் போகிறது, மிச்ச இடத்தை முரசே மூடப் பார்க்கும். கடைசியில் காபன் தாளைக் கடிக்கச் சொல்லி மேடு பார்த்துத் தேய்த்தார். இரண்டு ஓட்டைக்கு ஒன்றரை மணித்தியாலம், 18,000 ரூபா. அந்தக் காசில் எனக்கு ஓவர்லொக் மிசினைத் திருத்தியிருக்கலாம், பரவாயில்லை.

மூன்றாவதைத் தொடவில்லை. அங்கே எலும்பு அதிகம் போய்விட்டது, அடைத்தால் பல் சதுரமாகச் சப்பையாகத் தெரியும், பிரஷ் போகவும் வழியிருக்காது என்றார். அன்று மனம் சுணங்கியது. இப்போது சிரித்தால் மட்டும் ஓரமாகத் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. நாலு மணிக்கு நம்பர் என்றால் ஆறரைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஏழு பேருக்கு நாலு கதிரை. போன் எடுக்கவே மாட்டார்கள். ஒருநாள் கல்லடிப் பாலம் தாண்டும்போது எட்டு மணியாகிவிட்டது. ஒட்டிய ஓரம் ஒன்று பல்லிடுக்கில் விடும் நூலைப் பிடித்து இழுத்தது, திரும்பிப் போனபோது காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார்.

எட்டு மாதமாக உடையவில்லை. தேத்தண்ணியால் ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறுகிறது, அது ஏறும் என்று முதலே சொல்லியிருந்தார். நூல் கடிப்பது அடியோடு நின்றது, வீட்டுக்காரர் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டார்.

என் பல்லைப் பார்த்து அம்மாவும் வந்தா. வெற்றிலை வாய், ஆடுகிற பல். "அம்மா, முதல்ல முரசைப் பார்ப்பம், வெற்றிலையை விடுங்க, ஒட்டுறது இப்ப வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அந்த டொக்டருக்கு வேலை தெரியாது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறா.