பாக்கெட் விழுந்தால் யார் பொறுப்பு? இன்ஃபினிபேண்ட், ரோக்கி, ஐவார்ப்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அறையில் இருப்பது ஆறே ஆறு சேர்வர். ஆர்டிஎம்ஏ போடுவது என்று ஒரே நாளில் முடிவெடுத்தோம். இன்ஃபினிபேண்ட், ரோக்கி, ஐவார்ப் என்ற மூன்று வகையில் எதைப் போடுவது என்பதுதான் இரண்டு கிழமை இழுபட்டது.

ஆர்டிஎம்ஏயில் ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு மற்றதன் நினைவகத்தில் நேரே எழுதும், நேரே வாசிக்கும். அந்தப் பக்கத்து சிபியுவுக்குச் சங்கதியே தெரியாது. இயங்குதளத்தின் உள்மையமான கேர்னலும் குறுக்கே வராது. இணையத்தில் வழக்கமாகப் பாவிக்கும் டிசிபி முறையில் பத்து, இருபது மைக்ரோசெக்கன் போகிற வேலை ஒரு சிலவற்றில் முடியும். 100 கிகாபிட் கார்டு போட்டால் மூன்றுமே வயரை நிரப்பிவிடும். ஆகவே விளம்பரத் தாளில் உள்ள வேகத்தை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். பாக்கெட், அதாவது துண்டாக்கி அனுப்பும் தரவு, தொலையும்போதுதான் மூன்றும் மூன்று குணம் காட்டும்.

இன்ஃபினிபேண்டில் எதிர்முனையில் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே கார்டு அனுப்பும். நெரிசலால் பாக்கெட் விழுவது என்ற பேச்சே இல்லை. ஒரு மைக்ரோசெக்கன் அளவில் தாமதம் வேண்டுமென்றால் இதுதான் ராசா. ஆனால் சேர்வர்களை இணைக்கும் ஸ்விட்ச், கேபிள் எல்லாம் தனி. இவற்றைச் செய்த மெல்லனொக்ஸ் கம்பனியை 2020இல் என்விடியா வாங்கியபின் சந்தையும் பெரும்பாலும் ஒரே கையில். கணினிக் கடைத்தொகுதியான யுனிட்டி பிளாசாவுக்கு நடந்துபோய் வாங்கிவரும் சாமானும் இல்லை.

ரோக்கி, இருக்கிற சாதாரண ஈதர்நெட் வலையிலேயே ஓடும். இரண்டாம் பதிப்பு யுடிபி என்ற சாதாரண இணைய முறையில் (போர்ட் 4791) போவதால் ரூட்டரையும் தாண்டும். நாங்கள் இதைத்தான் எடுத்தோம், வாங்கியும் கட்டிக்கொண்டோம். இரண்டு சேர்வருக்கிடையில் சோதித்தபோது கிட்டத்தட்ட வயர் வேகம். நாலு சேர்வர் ஒன்றுக்கே எழுதத் தொடங்கியதும் எல்லாம் படுத்துவிட்டது. வரிசை பிசகிய பாக்கெட் கணக்கு கண்முன்னே ஏறுகிறது. எங்களுடையது பழைய கார்டு: ஒன்று தொலைந்தால் அதிலிருந்து பின்னால் வந்த அத்தனையையும் மறுபடி அனுப்பும்.

"அண்ணை, இந்த ஸ்விட்ச் போர்ட்டில பிஎஃப்சி போடவே இல்லை" என்றான் தம்பி, இரவு பத்து மணிக்கு.

பிஎஃப்சி என்பது, இடம் நிரம்பும்போது அனுப்புகிறவனைக் கொஞ்சம் நில் என்று தடுக்கும் ஏற்பாடு. போட்டதும் சரிவந்தது. ஆனால் பிஎஃப்சியும் முழு மருந்தல்ல. அது நிறுத்தினால் அந்த முன்னுரிமை வகுப்பில் வருகிற எல்லாமே நிற்கும். காலி வீதியில் முன்னால் பஸ் நின்றால், மரைன் டிரைவ் பக்கம் திரும்ப இருப்பவனும் நிற்கிற கதைதான். அதனால் நெரிசல் தொடங்குகிறது என்று பாக்கெட்டிலேயே குறிக்கும் ஈசிஎன் அடையாளத்தையும் போட்டு, நெரிசல் முற்றும் முன்னரே அனுப்புகிறவனை மெதுவாக்க வேண்டும். இன்னொன்று: ஈதர்நெட் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 பைட் என்றால் ரோக்கி 1024க்கு இறங்கிவிடும். 9000 வைத்தால் 4096 கிடைக்கும். இதையும் நாங்கள் பிந்தித்தான் கண்டுபிடித்தோம்.

ஐவார்ப் டிசிபியையே கார்டுக்குள் வைத்திருப்பதால், விழுந்ததை அதுவே மறுபடி அனுப்பும். ஸ்விட்ச்சைத் தொடத் தேவையில்லை. நல்ல பிள்ளை, ஆனால் கார்டு செய்கிறவர்கள் குறைவு. தூர இடத்துக்கு, ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லாத இடத்துக்கு இதை யோசிக்கலாம்.

இன்று மறுபடி வாங்கச் சொன்னால், ஸ்விட்ச்சுக்குள் கைவைக்கத் தெரிந்த ஆள் இருந்தால் ரோக்கி, இல்லாவிட்டால் கடன்பட்டாவது இன்ஃபினிபேண்ட் என்பேன். எங்கள் ஸ்டோரேஜ் சேர்வர் இரண்டையும் இப்போது நடுவில் ஸ்விட்ச்சே இல்லாமல் ஒற்றைக் கேபிளால் கட்டியிருக்கிறோம். அதில் இன்றுவரை ஒரு பாக்கெட்டும் விழவில்லை.