அன்றாட வாழ்க்கையை ஆவணப்படுத்துவது: சில ஆண்டுகள் புழங்கிப் பார்த்த அனுபவம்

விக்கிமீடியா பொதுவகம் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படம், ஒலி, காணொளிக் கிடங்கு), இன்டர்நெட் ஆர்க்கைவ் (இணைய நூலகம்), ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (பலரும் சேர்ந்து வரையும் வரைபடம்), மேப்பில்லரி (தெருப்படங்களைச் சேர்க்கும் தளம்), அப்புறம் கைபேசியில் ஓர் ஒலிப்பதிவுச் செயலி. இவற்றை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகச் சாதாரண விஷயங்களை ஆவணப்படுத்தி வருகிறேன். சாதாரணம் என்றால் நிஜமாகவே சாதாரணம்: பயணச்சீட்டு, கடைப் பெயர்ப்பலகை, தையல் மிஷின், தெருமுனைத் தபால் பெட்டி, ஓய்வுபெற்ற ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசும் முக்கால் மணி நேரம். கோட்டைக்கும் அரண்மனைக்கும் ஆள் இருக்கிறது. நினைவுச்சின்னங்களைப் படமெடுப்பதற்கென்றே விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் என்ற போட்டி 2010இல் நெதர்லாந்தில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மூடிக் கிடக்கும் தொலைபேசிக் கூண்டுக்கு யார் போட்டி வைக்கப் போகிறார்கள்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்து வைப்பதில் இந்தக் கருவிகள் எல்லாமே கெட்டி. பிடித்தது என்ன என்று சொல்லி வைப்பதில்தான் தடுமாறுகின்றன. அந்தப் பாதி வேலை இன்னும் மனிதர் தலையில்தான் இருக்கிறது. அதைச் செய்ய எந்தக் கருவி எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

பொதுவகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2004இல் தொடங்கிய தளம். இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. பதிவேற்றும்போது அது கேட்பது சில கேள்விகள்தான்: தலைப்பு, விளக்கம், தேதி, பகுப்பு (எந்த வகையில் சேரும்), உரிமம் (மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம்). பலரும் தலைப்பில் 'பழைய பேருந்துச் சீட்டு' என்று போட்டு, விளக்கத்திலும் அதையே ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் வரிசை எண், கட்டண நிலைகள், ஓட்டை போட்ட இடம். பின்பக்கம் பென்சிலில் ஒரு எண். மீதிச் சில்லறை தர வேண்டியதை நடத்துநர் குறித்துக் கொடுத்தது அது என்று வைத்திருந்தவர் சொன்னால்தான் தெரியும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் அந்த எண் போச்சு. இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டால், பார்ப்பவருக்கு அது வெறும் கிறுக்கல். அதனால் நான் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, கொடுத்தவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே விளக்கத்தில் ஏற்றுகிறேன். படம் பதிவேற ஒரு நிமிடம் ஆகும். விளக்கம் எழுத அரை மணி நேரம் ஆகும். இந்த விகிதம் இத்தனை காலத்தில் மாறவே இல்லை.

தேதிக் கட்டத்தில் ஒரு கண் இருக்கட்டும். கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதியைத் தளம் தானாகவே நிரப்பிக் கொடுக்கும். கைபேசியில் எடுத்த படத்துக்கு இது வசதி. ஆனால் பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்திருந்தால், ஸ்கேன் செய்த தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும்; பாட்டியின் பள்ளிப்படம் நேற்று எடுத்ததாகிவிடும். 'சுமார் 1970' என்று போட வழி இருக்கிறது, தேடித்தான் போட வேண்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாதபோது துல்லியமான ஒரு பொய்யை விட, மங்கலான ஒரு 'சுமார்' எவ்வளவோ மேல்.

பொதுவகத்தின் பெரிய பலம், முன்பின் தெரியாதவர்கள். குடும்பப் படம் ஒன்றில் நமக்குத் தெரிவது முகங்கள். எங்கோ இருக்கும் ஒரு வண்டிப் பைத்தியத்துக்கோ, படத்தில் பின்னால் நிற்கும் பேருந்துதான் தெரியும். அதன் மாடலைச் சொல்லிப் பகுப்பில் சேர்ப்பார். அது தயாரிப்புக்கு வந்த ஆண்டிலிருந்து படத்தின் காலம் குறுகிவிடும். இது புதிதும் இல்லை. 2008 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டபோதும் இதேதான் நடந்தது. வாசகர்கள் இடத்தையும் ஆளையும் அடையாளம் சொல்ல, நூலகம் சரிபார்த்துத் தன் பட்டியலையே திருத்தியது. 2019 முதல் பொதுவகத்தில் ஒரே படத்துக்குப் பல மொழிகளில் சிறு விளக்கம் எழுதலாம். தமிழில் எழுதுங்கள், வேறொருவர் வேறு மொழியில் சேர்த்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று தொழிற்சொற்களை எல்லாம் தொலைத்துவிட்டு எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

அங்கே முட்டுக்கட்டை பதிப்புரிமைதான். அன்றாட வாழ்க்கை என்பது அடுத்தவர் வரைந்த படங்களால் நிரம்பியது: தீப்பெட்டி அட்டை, சோப்பு உறை, சுவரொட்டி, நாட்காட்டி. அவற்றை அருகே போய்ப் படமெடுத்தால் அது வரைந்தவரின் உரிமைக்குள் போய்விடுகிறது. ஒரு கடையை முழுதாக எடுத்து, அதில் இவை ஓரமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வீட்டு ஆல்பத்தில் இருக்கும் ஸ்டுடியோப் படமும் அப்படியே. படம் நம் கையில் இருப்பதால் உரிமை நம்முடையது ஆகிவிடாது. அது எடுத்தவருடையதா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருடையதா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. தெருவில் நிற்கும் சிலையைப் படமெடுத்து வெளியிடலாமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சலிப்பான விதிகள்தான், ஆனால் நியாயமானவை. இன்னொன்று: எம்பி4 காணொளியை அப்படியே ஏற்ற முடியாது, வெப்எம் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கைபேசியில் எடுத்ததை அப்படியே போடலாம் என்று உற்சாகமாக வருபவர்களில் பாதிப் பேர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்தக் கெடுபிடி குறைவு. எந்த வகைக் கோப்பையும் வாங்கிக்கொள்ளும், மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு எளிதான வடிவங்களைத் தானே செய்துகொடுக்கும், பிடிஎஃப் போட்டால் எழுத்துணரியையும் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தேடக்கூடியதாக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கும். கையேடுகள், சங்க மலர்கள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் நான் அங்கேதான் போடுகிறேன். உரிமைப் பொறுப்பு ஏற்றுபவர் தலையில். விளக்கக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைப்பது கொஞ்சம் அதிர்ஷ்டம் சார்ந்தது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், ஒலிப்பதிவு. கருவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைபேசியே போதும், சட்டையில் மாட்டும் ஒரு மைக் இருந்தால் இன்னும் நல்லது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பரிந்துரைக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு மணி நேர மோனோ (ஒற்றைத் தட ஒலி) வேவ் (சுருக்காத ஒலி வடிவம்) கோப்பு ஏறக்குறைய 520 எம்பி வரும். இன்றைய கைபேசிக்கு அது ஒன்றுமே இல்லை. எம்பி3யில் பதிந்துவிட்டுப் பிறகு தரத்தைக் கூட்ட முடியாது என்பதால் வேவ்தான். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் காதுக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும்.

கஷ்டம் வேறு இடத்தில். கையால் அச்சுக் கோத்துப் பழகிய ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். "தட்டு இவ்வளவு நீளம் இருக்கும், எழுத்தை இப்படிப் பிடிக்கணும், இங்க வெட்டு இருக்கும்" என்பார். கைகள் பேசிக்கொண்டிருக்கும், ஒலிப்பதிவில் 'இவ்வளவு', 'இப்படி', 'இங்க' மட்டும் இருக்கும். பேட்டி எடுப்பவர் குறுக்கே புகாமல் மெதுவாக, "முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும்னு காட்டுறீங்க, சரிங்களா ஐயா?" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் கைகளை மட்டும் தனியாகக் காணொளி எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சின்னப் பழக்கம் எந்த விலையுயர்ந்த மைக்கையும் விட உதவியிருக்கிறது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு வேலை பாதியாகக் குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை தடுக்கி விழும் இடத்தைக் கவனியுங்கள்: ஆள்பெயர், இடப்பெயர், பட்டப்பெயர், தொழிற்சொல். அதாவது எதற்காக மெனக்கெட்டுப் பதிவு செய்தோமோ அதுவேதான். பேசுபவர் நினைவைத் துழாவி மௌனமாக இருக்கும் இடத்தில் இல்லாத வாக்கியத்தைத் தானாகச் சேர்க்கும் கோளாறும் இந்த வகை மென்பொருளுக்கு உண்டு. முழு ஒலியையும் ஒருமுறை கேட்டுத் திருத்தாத எழுத்துப்படியை நான் எங்கும் ஏற்றுவதில்லை. பேசியவருக்கு அதை வாசித்துக் காட்டவும் செய்கிறேன். 'அந்தச் சம்பள விஷயம் வேண்டாம்' என்பார்கள். எடுத்துவிட வேண்டியதுதான். சில பதிவுகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகே வெளியாகலாம் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு.

பொதுமக்களைப் பங்கேற்க வைப்பது பற்றி ஒரு வார்த்தை. இது இணையம் கொண்டுவந்த யோசனை கிடையாது. 1937இல் பிரிட்டனில் மாஸ் அப்சர்வேஷன் என்ற இயக்கம் தொடங்கியபோது, வாகன ஓட்டிகளின் கூச்சல், குளியலறைப் பழக்கங்கள், தாடி, புருவம் எல்லாம் ஆராய வேண்டியவை என்று பட்டியல் போட்டார்கள். அந்த ஆண்டு மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. தன்னார்வலர்கள் அன்று தங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் காகிதங்கள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. மே 12 நாட்குறிப்பு வழக்கமும் 2010இல் மறுபடி உயிர்பெற்றது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, நாளும் கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும் என்பதை. 'உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்' என்று குழுவில் போட்டால் இதயக்குறிகள் வரும், வேறொன்றும் வராது. 'உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த தொலைபேசி எந்த மூலையில் இருந்தது, யார் யார் வந்து பேசுவார்கள்?' என்று கேளுங்கள். பூட்டு போட்ட தொலைபேசி, பக்கத்து வீட்டு அழைப்புக்கு ஓடிப்போய்ச் சொன்ன பிள்ளைகள், மேலே விரித்த பின்னல் துணி என்று கொட்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வருவோம். இதுவும் 2004. இப்போது தரையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வரைவது அதன் அடிப்படை விதி. வரலாறு சேமிப்பவருக்கு இது இடைஞ்சல்: இடித்த கட்டடத்தை நீக்கிவிட வேண்டும். திருத்த வரலாற்றில் அது இருக்கும், ஆனால் தோண்டி எடுப்பது லேசில்லை. மறைந்தவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனித் திட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி கொடுக்கலாம். நல்ல யோசனை, கூட்டம்தான் குறைவு. முதன்மை வரைபடத்தில் நான் விரும்பிச் செய்வது பெயர்களைச் சேர்ப்பது. அதிகாரப்பூர்வப் பெயர், பழைய பெயர், வட்டார வழக்கில் சொல்லும் பெயர் என்று தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. பலகையில் ஒரு தலைவரின் பெயர் இருக்கும். எல்லோரும் சொல்வது எப்போதோ அங்கே நின்ற ஒரு மரத்தின் பெயராக இருக்கும். இரண்டும் ஏறிவிட்டால் தேடுபவருக்கும் வசதி, பின்னால் வருபவருக்கும் ஒரு துப்பு.

மேப்பில்லரி பற்றிச் சுருக்கமாக: வண்டியில் கைபேசியைப் பொருத்திக்கொண்டு போனால் தெரு முழுக்கப் படமாகிவிடும், முகங்களையும் வண்டி எண்களையும் தளமே மங்கலாக்கிவிடும். இரண்டு ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பலகை போனது, எது வந்தது என்று தெரியும். சொல்லி வைக்க அதில் இடமே இல்லை. பிடித்து வைப்பதற்கு மட்டும். 2020இல் ஃபேஸ்புக் வாங்கிவிட்டது என்பதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் நிறுவனத் தளங்களின் ஆயுள் அவ்வளவுதான். சொந்த வலைப்பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் முண்டியடித்துக் காப்பாற்றிய அளவுக்குத்தான் மிஞ்சியது. இடம்வாரியாகப் படங்கள் சேர்ந்த பனோரமியோ 2016இல் போனது. 2015க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டன என்று சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. லாப நோக்கமில்லாதவை என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது: 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது, 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்கு விவரங்கள் கசிந்தன. அதனால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதியை நான் விடுவதில்லை.

கூடவே ஒரு விரிதாள். கோப்பின் பெயர், யார் கொடுத்தது, எப்போது எடுத்தது, எங்கே, அவர் சொன்னது என்ன, எந்த நிபந்தனையில் கொடுத்தார், எந்தத் தளத்தில் ஏற்றினேன். சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கிறேன், எந்த மென்பொருளிலும் திறக்கும். வீட்டு முகவரி தெரியும் படங்களில் ஜிபிஎஸ் தகவலை நீக்கியாயிற்றா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.

புதிதாகத் தொடங்குபவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டாம். எழுதுவது பிடிக்கும் என்றால் பொதுவகம். காகிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தால் ஆர்க்கைவ். நடப்பது பிடிக்கும் என்றால் வரைபடம். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். இந்த வாரமே மின்விசிறியை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்காருங்கள். முதல் கேள்வியாகத் தொலைபேசியையே கேட்கலாம்.