350 ரூபாய் மவுத்கார்டா, பல் டாக்டரிடம் 2,500 ரூபாயா? ஒரு கபடி வீட்டின் கணக்கு

என் மகன் கபடியில் ரைடர், எதிரணிக் களத்துக்குள் பாடிப்போகிறவன். 17 வயது. பள்ளி அணிக்கும் ஊர் அணிக்கும் ஆடுகிறான். சென்ற ஆண்டு காணும் பொங்கலுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் நடந்த மின்னொளி கபடிப் போட்டியில், அவனைப் பிடிக்க வந்த பையனின் முழங்கால் இவன் வாயில் இடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்தது. உதட்டின் உள்பக்கம் கிழிந்து இரண்டு தையல். பல்லை நிரப்பிச் சரிசெய்ய 1,800 ரூபாய் ஆனது. நரம்பு தப்பியது எங்கள் நல்ல நேரம். ரூட் கெனால், அதன்மேல் கேப் என்று போயிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

அதற்குப் பிறகு, பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்பு உறையான மவுத்கார்டு இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டோம். எதை வாங்குவது என்பதில்தான் ஒரு வருஷம் போனது. கடையில் கிடைப்பதையும் வாங்கினோம், கடைசியில் பல் டாக்டரிடமும் செய்தோம். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிரந்தரப் பற்கள் முளைத்து முடிந்த, வாயைத் திறந்தபடி ஆட வேண்டிய பிள்ளைக்கு டாக்டரிடம் செய்வதுதான் சரி. எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. அதையும் கீழே சொல்கிறேன்.

கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அப்படியே வாயில் வைத்துக் கடித்துக்கொள்ளும் ரெடிமேட். யார் பல்லுக்கும் பொருந்தாது, கடித்துப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். அதை விட்டுவிடலாம். இன்னொன்று, வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து அச்சு எடுப்பது. பெரும்பாலானவர்கள் வாங்குவது இதைத்தான். புதுச்சேரி நேரு வீதிக்குப் போயிருந்தபோது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன்.

வெந்நீர் வகையைக் குறைவாகப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஒன்றுமே போடாமல் ஆடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதைச் சரியாக அச்செடுப்பது அட்டையில் போட்டிருக்கும் படத்தைப் போல அவ்வளவு சுலபம் இல்லை. கொதித்த தண்ணீரில் அட்டையில் சொன்ன விநாடிகளுக்கு வைத்து, எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு நொடி காட்டி, வாயில் வைத்துக் கடித்து, உள்ளே உறிஞ்சி, வெளியே விரலாலும் உள்ளே நாக்காலும் அழுத்த வேண்டும். என் மகன், எல்லாப் பையன்களையும் போல, பலம் கொண்ட மட்டும் கடித்துவிட்டான். ஆறியபின் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் பதிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது, காகிதம் மாதிரி. அடியைத் தாங்க வேண்டிய பொருள் அங்கே இல்லை, பக்கவாட்டில் பிதுங்கிப் போயிருந்தது. மறுபடி இளக்கினால் இன்னும் மெலியும்.

நான்கு மாதத்தில் அது மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று 350க்கு வாங்கினோம். அடுத்தது ஆன்லைனில், உள்ளே ஜெல் அடுக்கு வைத்தது, 1,100 ரூபாய். மூன்றாவது கொஞ்சம் நன்றாகப் பொருந்தியது என்பது உண்மை. ஆனால் மூன்றுமே ஒரே இடத்தில் தோற்றன. என் முடிவு அந்த ஒரு இடத்தை வைத்துத்தான், அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கபடியில் ரைடு போகிறவன் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போக வேண்டும். நடுவருக்குக் கேட்கும்படி, தெளிவாக, விடாமல். பாட்டு சரியில்லை என்றால் நடுவர் திருப்பி அனுப்பி எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுப்பார், ரைடு வாய்ப்பும் அவர்களுக்கே போகும். கபடி என்று நீங்களே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப’ வருவதற்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ‘டி’ வருவதற்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். வெந்நீர் வகை மவுத்கார்டு முன்பக்கம் தடிமனாக இருந்து உதட்டை வெளியே தள்ளுகிறது, உள்பக்கம் மேடாக இருந்து நாக்கைத் தடுக்கிறது. ‘கபடி’ என்பது ‘கவடி’யாகி, அப்புறம் வெறும் காற்றாகி விடுகிறது. அதோடு, அது பல்லில் தானாக நிற்பதில்லை. கடித்துப் பிடித்தால்தான் நிற்கும். கடித்துக்கொண்டு பாடுவது எப்படி? மேட் கபடியில் 30 விநாடி ரைடு. அதற்குள் பாடவும் வேண்டும், கண் ஏழு பேரையும் பார்க்க வேண்டும்.

“அப்பா, இதப் போட்டுக்கிட்டுப் பாட முடியலப்பா. கீழ வந்து விழுது” என்றான். ஒரு ஆட்டத்தில் பாட்டு கேட்கவில்லை என்று புள்ளி போனது. அதற்கப்புறம் ரைடு போகும்போது கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வான், பிடிக்கிற ஆட்டத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வான். ஆனால் அவன் பல் உடைந்தது ரைடில்தான்.

பாக்ஸிங் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இருக்காது. அங்கே வாயை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதனால் பாக்ஸிங் பழகும் நண்பர் ஒருவர் வெந்நீர் வகையே போதும் என்று சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர் ஆட்டம் வேறு.

டாக்டரிடம் போகலாம் என்று முடிவு செய்து, கடலூரில் இரண்டு கிளினிக், புதுச்சேரியில் ஒன்று என்று மூன்று இடத்தில் விசாரித்தேன். 2,000, 2,500, 4,500 என்று மூன்று விலை சொன்னார்கள். 4,500 என்பது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை அழுத்தத்தில் ஒன்றாக ஒட்டிச் செய்வது, லேபுக்கு அனுப்பி வர வேண்டும். 2,000 சொன்ன இடத்தில் மேற்கொண்டு கேட்டபோது 2 மில்லிமீட்டர் தகடு என்றார்கள். சூட்டில் இளக்கி அச்சின்மேல் இழுக்கும்போது தகடு இன்னும் மெலியும், ஆகவே அது முழங்காலுக்கு முன்னால் எந்த மூலைக்கு? 2,500 சொன்ன டாக்டரம்மா 4 மில்லிமீட்டர் தகடு, கிளினிக்கிலேயே செய்து தருகிறேன் என்றார். அங்கேதான் செய்தோம். விலையைக் கேட்கும்போது தகட்டின் தடிமனையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்று விலையை ஒப்பிட்டதாகவே ஆகாது.

முதல் நாள் அளவு எடுத்தார். பிசைந்த மாவு போன்ற ஒன்றைத் தட்டில் வைத்து மேல்தாடையில் அழுத்தினார். அது இறுக இரண்டு மூன்று நிமிஷம். இவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. “தம்பி, தலையக் குனிஞ்சுக்க, மூக்கால மூச்சு விடு, காலைத் தூக்கித் தூக்கி வை” என்றார். காலைத் தூக்கியதும் கவனம் அங்கே போய்க் குமட்டல் நின்றது. அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி ஒரு பல் வரிசையைச் செய்து வைத்துக்கொண்டார். அவன் பல்லே தான், உடைந்து நிரப்பிய ஓரம்கூட அதில் தெரிந்தது.

மூன்று நாள் கழித்துப் போனபோது தகடு இழுப்பதை எங்கள் கண்முன்னே செய்தார். சின்ன மெஷின்தான். மேலே சூடு, கீழே காற்றை உறிஞ்சும் தட்டு. தகடு சூட்டில் நடுவில் தொங்க ஆரம்பித்ததும் சட்டென்று கீழே இறக்கினார். நொடியில் ஒவ்வொரு பல் இடுக்கிலும் போய் அது ஒட்டிக்கொண்டது. ஆறியதும் கத்தரியால் வெட்டி ஓரங்களைத் தேய்த்தார். அண்ணத்துப் பக்கம் ஈறு ஓரத்தோடு குட்டையாக வெட்டினார், நாக்குக்கு இடம் விட்டு. மேல் உதட்டை ஈறோடு பிடித்திருக்கும் சிறு நரம்பு போன்ற மடிப்புக்கு நேரே ஒரு வெட்டு. பிறகு கடிக்கும் பரப்பை லேசாகச் சூடுகாட்டி, வாயில் வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னார். கீழ்ப்பற்கள் எல்லாம் சமமாக வந்து பொருந்துவதற்காக.

“இப்ப உங்க பாட்டப் பாடுங்க” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினான். ‘ப’ வந்தது, ‘டி’ வந்தது. வாயை ஆவென்று திறந்தும் அது கீழே விழவில்லை, விரலால் இழுத்தால்தான் கழன்றது. நான் 2,500 கொடுத்தது இதற்குத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். வெந்நீர் வகை மூன்றுக்கும் சேர்த்து ஒரு வருஷத்தில் 1,800 ரூபாய். அதில் ரைடின்போது வாயில் நிலைத்தது ஒன்றுகூட இல்லை. டாக்டர் செய்தது 2,500, சென்ற மார்கழியில் இருந்து 11 மாதமாக வாயில் இருக்கிறது. கடைவாய்ப் பக்கம் பல் தடம் விழுந்திருக்கிறது, ஆனால் பிடிப்பு தளரவில்லை. எத்தனை சீசன் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். என் கையில் இருப்பது ஒரு பையனின் 11 மாத அனுபவம் மட்டும்தான். மென்றுகொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவனுக்கு எதுவும் சீக்கிரம் போகும்.

இன்னொரு விஷயம், பலர் கேட்க மறப்பது. அந்த மாவு அச்சை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். பற்கள் மாறாதவரை அதே அச்சின்மேல் இன்னொன்று இழுத்துவிடலாம், மறுபடி அளவு எடுக்க வேண்டாம். எங்கள் டாக்டர் அடுத்ததற்கு 1,300 என்றார். அப்படிப் பார்த்தால் இரண்டாவது மவுத்கார்டில் இருந்து விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. அச்சு இப்போது எங்கள் அலமாரியில் பஞ்சு சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கீழே விழுந்தால் பல் நுனி உடைந்துவிடும், ஜாக்கிரதை.

ஆனால் என் மகளுக்கு நான் டாக்டரிடம் செய்யவில்லை. அவளுக்கு 11 வயது, கராத்தே போகிறாள். மேல் கோரைப்பல் இப்போதுதான் ஈறைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இன்று அளவு எடுத்தால் ஆறு மாதத்தில் பொருந்தாது. அவளுக்கு 350 ரூபாய் வெந்நீர் வகைதான், பல் நகர நகரப் புதிதாக வாங்கிக்கொள்கிறோம். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு எதையும் கடையில் வாங்காமல், கம்பி போட்ட டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் செய்ததற்கும் சாகா வரம் கிடையாது. வெயில்தான் எமன். சித்திரை மாதம் பைக் டேங்க் கவரில் வைத்துவிட்டு மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்க வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் தகடு வளைந்துவிடும். என் மகனின் நண்பனுடையது அப்படித்தான் போனது. பச்சைத் தண்ணீரில் கழுவி, சோப்பும் பழைய பிரஷும் போட்டுத் தேய்த்து, ஓட்டை உள்ள டப்பாவில் காயவைத்தால் போதும். வெந்நீர் கூடவே கூடாது.

அட்டையில் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். இது பல்லுக்கும் உதட்டுக்கும் தாடைக்குமான காப்பு. எதையும் போடாமல் ஆடி, நிரந்தரப் பல் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, ஒரு டம்ளர் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு.

கடலூரில் தேடுகிறவர்கள், பல்லுக்குக் கம்பி போடும் கிளினிக்கில் முதலில் கேளுங்கள். தகடு இழுக்கும் மெஷின் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம், லேபுக்கு அனுப்பும் நாள் மிச்சம். செலவு தாங்காது என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் ஒன்று இருக்கிறது. நாங்கள் அங்கே செய்ததில்லை, நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கே செய்தாலும் இரண்டு தடவை போய்வர வேண்டும், வெட்டிச் சரிசெய்ய மூன்றாவது தடவையும் ஆகலாம். தை பிறந்தால் ஊருக்கு ஊர் போட்டி. கார்த்திகையிலேயே அளவு கொடுத்துவிடுங்கள், பழக நாலு வாரமாவது வேண்டும்.