வீட்டு முன்னறையா, வாடகைக் கடையா? சேலத்தில் பார்லர் திறக்கும் முன் ஒரு கணக்கு

ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு நூல்கண்டு போதும் என்று நம்பித்தான் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் பார்லர் தொடங்கினேன். இப்போது ஐந்து ரோடு பக்கம் வாடகைக் கடை. பார்லர் வைக்கப் போகிற தங்கச்சிகள் என்னிடம் கேட்பதெல்லாம் வாடகையும் அட்வான்ஸும்தான். உரிமம், பதிவு, வரி என்று வரும் காகிதச் செலவை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் இடறுவது கரன்ட் மீட்டர். ரீடிங் எடுக்க வந்தவர் ஒருநாள் முன்னறையை எட்டிப் பார்த்தார். ஸ்டீமர் புகைந்துகொண்டிருந்தது, மருதாணித் தலையோடு பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். "ஏங்க, வீட்டு சர்வீஸ்ல கடை நடத்தறீங்களா?" என்றார். எச்சரித்ததோடு விட்டுவிட்டார், என் நல்ல நேரம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். மறுவாரமே முன்னறைக்குத் தனி கமர்ஷியல் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டு மீட்டருக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அந்த மீட்டருக்குக் கிடையாது. சொத்து வரியிலும் அந்த அறை கடைக் கணக்குக்குப் போகும்.

கடையில் மீட்டர் தொல்லை இல்லை, ஆனால் உரிமையாளர் இருக்கிறார். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிவிட்டு எல்லாம் முடிந்தது என்பார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். கடைக்கும் அதே சட்டம்தான்.

ஜிஎஸ்டி பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதத்துக்குச் சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம். கல்யாண மேக்கப் அதிகம் எடுக்காத வீட்டு பார்லர் அதைத் தொடாது. கடையில் நாலு பெண்கள் வேலை பார்த்தால் தை, மாசியிலேயே பக்கத்தில் போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. சந்தோஷம்தான், ஆனால் கூடவே உள்ளீட்டு வரியைக் கழிக்கும் வசதி போய்விட்டது. கிரீம், ஷாம்பு வாங்கும்போது கட்டும் வரி நம் தலையில். அதைவிட, பதிவு செய்த நாம் பதிவில்லாத உரிமையாளரிடம் கடை எடுத்தால், வாடகைக்கான 18 சதவீதத்தை நாமே அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை 25,000 என்றால் மாதம் 4,500 ரூபாய், திரும்பாத பணம். கடைக்காரர்கள் பலர் இந்த ஒரு வரியைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

மாநகராட்சித் தொழில் உரிமம் இரண்டுக்கும் வேண்டும். உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போனிலேயே முடியும், பணம் கேட்கும் இணையதளத்தில் ஏமாறாதீர்கள். ஆள் வைத்தால் கடைகள் சட்டம் வரும். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு, பாலியல் தொல்லைப் புகார்க் குழு இரண்டும் சேர்ந்துகொள்ளும். நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே திருத்தியது. பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். கடையில் பாட்டுப் போடுவதற்கும் பதிப்புரிமை அனுமதி வாங்க வேண்டும் என்பதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஏற்காட்டில் வைக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அங்கே உரிமம் அந்த ஊர் உள்ளாட்சியில். மலைப்பகுதிக் கட்டுப்பாடு இருப்பதால் கட்டட அனுமதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. மே மாதக் கூட்டத்தைப் பார்த்து மழை மாதத்தைக் கணக்குப் போடக் கூடாது என்றும் சொன்னேன்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருஷம் வீடுதான், தனி மீட்டரோடு. கடைதான் என்று முடிவெடுத்தால், அட்வான்ஸுக்கு முன் பழைய கரன்ட் பில்லைக் கேட்டு வாங்கி டாரிஃப், அதாவது கட்டண வகை, எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 1ஏ என்றிருந்தால் அது இன்னும் வீட்டு இணைப்புதான். மாற்றிக் கொடுத்த பிறகு சாவியை வாங்குங்கள்.