சேணம் பழகிய குதிரையா, கயிறே அறியாத குட்டியா?

சென்ற வருடம் மாசியில் நுவரெலியாவிலிருந்து ஒரே லொறியில் இரண்டு குதிரைகள் வந்தன. பதுளை, பிபிலை, மகா ஓயா, கரடியனாறு என்று ஏ-5 வீதியின் முடிவு வரை வந்து செங்கலடியில் திரும்பியபோது இரண்டும் வியர்வையில் குளித்திருந்தன. ஒன்று என் மச்சானுடையது. 9 வயது, நலமடித்த ஆண், பந்தயம் ஓடி ஓய்ந்தது. மற்றது என்னுடையது. சவாரிக்கு விடும் ஒரு பெண்குதிரைக்குப் பிறந்து, மலைச் சரிவில் தன்பாட்டில் மேய்ந்து வளர்ந்த பெண் குட்டி. கழுத்தில் கயிறு விழுந்ததே லொறியில் ஏற்றிய அன்றுதான்.

குட்டிக்குக் 'கச்சான்' என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை, அதன் தோலின் நிறம். இங்கு வீசும் சூடான மேல்காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். காற்றுக் கச்சானா, கொறிக்கிற கச்சானா என்று கேட்பவர்களுக்கு அன்றைய அவளுடைய குணத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

எதை வாங்கலாம் என்று இப்போது நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் குட்டியின் பக்கம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், அதைப் பிறகு சொல்கிறேன். (நெடுந்தீவில் சும்மா திரிகிற குதிரை ஒன்றைப் பிடித்து வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அவை பாதுகாக்கப்பட்டவை. தீவை விட்டு வெளியே கொண்டுவர முடியாது.)

பழகிய குதிரையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கடிவாளம் போட வாயைத் திறக்கும், கட்டினால் நிற்கும், லொறியில் ஏறும், முதல் வாரமே முதுகில் ஏறலாம். விலையும் குட்டியை விடக் குறைவாகத்தான் சொன்னார்கள். பந்தயத்துக்கு உதவாத குதிரை உரிமையாளருக்குத் தீனிச் செலவு மட்டுமே. மச்சான் வாங்கி மூன்றாம் நாளே கொக்கட்டிச்சோலை வீதியில் ராசா மாதிரி போனார். நான் அப்போது வேலிக்கு வெளியே குந்தியிருந்து என் குட்டியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தை அவள் காட்டவில்லை.

ஒரே ஒரு குறை சொல்லலாம். நேரான, நீளமான, இறுகிய மணல் கண்ணில் பட்டால் அந்தக் குதிரைக்கு அது ஓட்டத்திடல். இழுத்துப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடும். மச்சான் ஒருமுறை கடற்கரையில் இதை அறிந்துகொண்டார். அதன் பிறகு கடற்கரைப் பக்கம் போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குளம்பு.

குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை அதைச் சீவி அராவ வேண்டும். லாடம் போட்ட குதிரையென்றால் அதே இடைவெளியில் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சரிசெய்து, மறுபடி அடிக்க வேண்டும். பந்தயக் குதிரை சின்ன வயதிலிருந்தே லாடத்தில் வளர்ந்தது. குளம்பின் அடிப்பாகம் மெல்லியது, வெளிச்சுவரில் ஆணித் துளைகள். மட்டக்களப்பில் குதிரைக்கு லாடம் அடிக்க ஆளைத் தேடி நாங்கள் அலைந்தது ஒரு தனிக் கதை. கடைசியில் ஒருகாலத்தில் வண்டில் மாட்டுக்கு லாடம் அடித்த ஒரு பெரியவரை மச்சான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்.

அவர் குதிரையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"மாட்டுக்குப் பிளந்த குளம்பு, தம்பி. காலுக்கு இரண்டு துண்டு லாடம். மாட்டைச் சரித்து விழுத்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு அடிப்போம். இவரை எப்படிச் சரிப்பது?"

"சரிப்பதில்லை, மாமா. அவரே காலைத் தூக்கித் தருவார்."

"அவர் தருவார். வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியாதே" என்றார் பெரியவர். தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். நேர்மையான மனிதர். பிழையாக ஓர் ஆணி உள்ளே இறங்கியிருந்தால் குதிரை நொண்டியிருக்கும்.

மலைநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வேலை நல்ல வேலை. ஆனால் வான் கூலி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த கணக்கை ஆறு வாரத்துக்கு ஒருமுறை யார் தாங்குவது? இரண்டாம் முறை அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் ஒரு லாடம் தளர்ந்து, சுவரில் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மச்சான் மீதி மூன்றையும் கழற்றிவிட்டார். கழற்றியது பிழையில்லை. ஆனால் லாடத்தில் பழகிய கால் வெறுங்காலாக இறுகப் பல மாதம் வேண்டும். அதற்கு முன்னே மாரி வந்துவிட்டது.

மச்சான் இருக்கிற படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மாரி என்றால் எப்படி என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயல்வட்டை முழுக்கத் தண்ணீர், வளவு முழுக்கச் சேறு. நனைந்து ஊறிய குளம்பு சவர்க்காரம் மாதிரி மெதுவாகிவிடும். அடியில் முக்கோணமாக இருக்கிற மெதுவான பகுதியில் கறுப்பாக அழுகல் பிடிக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. டிசெம்பரில் மச்சானின் குதிரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்க மறுத்தது. உள்ளே சீழ். மிருக வைத்தியர் வந்து பார்த்தார். இரண்டு நாளில் சீழ் மேலே ஏறி, மயிர் தொடங்கும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வந்தது. உடைந்த இடத்தில் குளம்பில் ஒரு வெடிப்பு. அது தானாக மூடாது. வளர்ந்து வளர்ந்து கீழே இறங்கி, விளிம்புக்கு வந்து, சீவிப் போக வேண்டும்.

கச்சானின் குளம்பில் ஒருநாளும் ஆணி இறங்கியதில்லை. கல்லும் சரிவுமாக நடந்து வளர்ந்ததால் சுவர் தடிப்பு, அடி உறுதி. அவளுக்கு லாடம் அடிக்கிற ஆள் தேவையில்லை. அரமும், குளம்புக் கத்தியும், அவள் காலைத் தருகிற மனமும் போதும். முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம். மூன்றாவதற்குத்தான் எனக்குப் பத்து வாரம் போனது.

முதல் பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. தென்னங்குற்றி நட்டு வட்டமாக அடைத்த வேலிக்குள் துணைக்கு ஒரு பசு நாகுடன் விட்டேன். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே விட்டால் பயத்தில் தின்னாது. தினமும் காலையும் மாலையும் உள்ளே போய், முதுகைப் பாதி திருப்பி, ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருப்பேன். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதில்லை. நான்காம் நாள் என் சட்டையை மூக்கால் தொட்டுவிட்டு ஓடினாள். எட்டாம் நாள் கையிலிருந்த அறுகம்புல்லைப் பறித்தாள். பனங்கட்டி கொடுத்துச் சீக்கிரம் பழக்கலாம் என்று அயலவர்கள் சொன்னார்கள். நானும் ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் என் பையைக் கடித்தாள். நிறுத்திவிட்டேன்.

தொடுவது தோளில் தொடங்கியது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாது. அங்கிருந்து வருகிற கை அதற்குப் புலியின் கை. காலுக்கு முதலில் கையைக் கொண்டுபோகவில்லை. நீண்ட மூங்கில் தடியின் நுனியில் பழைய சாக்கைச் சுற்றி, அதால் தோளிலிருந்து முழங்கால் வரை தடவினேன். உதைத்தாள். தடிதானே, உதைக்கட்டும். உதைப்பு நிற்கும் வரை தடியை எடுக்கவில்லை, நின்ற கணத்தில் எடுத்துவிட்டேன். இதில் உள்ள தந்திரம் எல்லாம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அவள் இழுத்ததும் விட்டால் இழுக்கக் கற்றுக்கொள்வாள். அமைதியாக இருக்கையில் விட்டால் அமைதியைக் கற்றுக்கொள்வாள்.

கை போகத் தொடங்கிய பிறகும் முதல் நாள் தூக்கியது இரண்டு விநாடி. அவள் இழுக்க நினைப்பதற்கு முன் நானே கீழே வைத்துவிட்டேன். அடுத்த நாள் மூன்று. முன்னங்கால்கள் ஐந்தாம் வாரம் சரிவந்தன. பின்னங்கால்கள் பத்தாம் வாரம். நடுவில் ஒருநாள் அவசரப்பட்டு அவளை மரத்தில் இறுகக் கட்டிவிட்டுப் பின்னங்காலைப் பிடித்தேன். தும்புக் கயிறு அறுந்தது, வேலியில் ஒரு குற்றி சரிந்தது, என் தொடையில் இரண்டு வாரம் நீலம் இருந்தது. பிழை என்னுடையது. திரும்ப இரண்டு விநாடியிலிருந்து தொடங்கினேன். தனியாக ஒருநாளும் இதைச் செய்யாதீர்கள். வேலிக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

மாரியில் அவளுடைய குளம்பைத் தினமும் துப்புரவாக்கினேன். அழுகல் பிடிக்கவில்லை. இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் வளவு களுவாஞ்சிகுடிப் பக்கம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உடனே இறங்கிவிடும். மச்சானுடையது சேறு. இடத்தை மாற்றி வைத்திருந்தால் கணக்கு எவ்வளவு மாறியிருக்கும் என்று ஒரே ஒரு மாரியைப் பார்த்த நான் சத்தியம் செய்ய மாட்டேன். லாடத்தின் கணக்கு மட்டும் மாறியிருக்காது.

மணலுக்கும் விலை உண்டு. நிலத்தில் புல்லைப் போட்டால் மணலோடு சேர்த்துத் தின்று, அது குடலில் தங்கி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி அதற்கு உயிர் போகிற விஷயம். தொட்டியில்தான் தீனி போடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் மணல் படிகிறதா என்று பார்க்கிறேன்.

குட்டியின் பாதகங்களில் பெரியது தீனிதான். வளர்கிற எலும்பு. மாடு வளர்க்கிற ஊரில் எல்லோரும் தவிடு கொடு என்பார்கள். நெல்லுத் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. அதையே நம்பினால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். முகவெலும்பு வீங்கும், கால் நொண்டும். கினிப்புல்லிலும் கல்சியத்தைப் பிடித்துவைக்கிற பொருள் உண்டு. எனவே பல வகைப் புல்லாக அறுத்து, தவிட்டைக் கைப்பிடிக்குள் நிறுத்தி, மிருக வைத்தியர் சொன்ன அளவில் தீனிக்கான சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறேன். 9 வயதுக் குதிரைக்கும் இது பொருந்தும், ஆனால் வளர்கிற குட்டி தவறைச் சீக்கிரம் காட்டிவிடும். ஏற்பு வலித் தடுப்பூசி இரண்டுக்கும் கட்டாயம்.

இரண்டாவது பாதகம் பொறுமை. விற்றவர் மூன்று வயது என்றார். உதட்டைத் தூக்க விட்ட பிறகு பார்த்தால் முன்பற்களில் நடு ஜோடி மட்டும் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. அதாவது இரண்டரை. அடுத்த ஜோடி இப்போதுதான் வருகிறது. நான்கு வயதுக்கு முன் ஏறுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எனவே சவாரிக்கு அவள் எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உடனே ஏற வேண்டும் என்பவர்கள் மச்சான் வழியில்தான் போக வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காசு கொடுப்பதற்கு முன் நாலு காலையும் தூக்கிப் பாருங்கள், லாடம் இல்லாமல் சரளைக்கல்லில் பத்தடி நடத்திப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரத்தை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலம் கடந்து மச்சான் வீட்டுக்குப் போகிறேன். அவருடைய குதிரை காலைத் தருவதில் கச்சானை விட நூறு மடங்கு மரியாதையானது. தூக்கு என்று சொல்வதற்கு முன்பே தூக்கிவிடும். முன்னங்கால் வெடிப்பு இதுவரை இரண்டு விரல் அகலம் இறங்கியிருக்கிறது. இன்னும் மூன்று விரல் இருக்கிறது. அடுத்த மாரிக்கு முன் விளிம்புக்கு வந்துவிடுமா என்று மச்சான் ஒவ்வொரு முறையும் விரலை வைத்து அளக்கிறார்.