ஓர் ஒடியாச் சுவர் நாட்காட்டியுடன் ஓராண்டு

புவனேஸ்வரில் குடியேறிய முதல் ஆண்டு, நவம்பர் மாதத்தில் ஒரு நாள், காய்கறிச் சந்தையின் பாதி இடத்தை மஞ்சள் இலைக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்துப் போனபோது ஓர் இலைகூட இல்லை. அது பிரதமாஷ்டமிக்கு வந்த சரக்கு என்பதும், வீட்டின் தலைப்பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தி, ஆரத்தி எடுத்து, மஞ்சள் இலையில் மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைத்த எண்டுரி பிட்டாவைப் படைக்கும் நாள் அது என்பதும் பிறகுதான் தெரிந்தது. என் கைப்பேசிச் செயலி அன்று காலபைரவாஷ்டமி என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே அடுத்த புத்தாண்டுக்குக் கட்டக்கில் அச்சான சுவர் நாட்காட்டி ஒன்றை 80 ரூபாய்க்கு வாங்கினேன். 2025ஆம் ஆண்டு முழுவதும் சமையலறைச் சுவரில் தொங்கிய அந்த நாட்காட்டியைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அச்சகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாம் பழகிய, நாள்தோறும் கிழிக்கும் தாள் வகையன்று இது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெரிய தாள்கள். ஒடியா எண்கள் பெரிதாகவும் நமக்குத் தெரிந்த எண்கள் மூலையில் சிறிதாகவும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் திதி, நட்சத்திரம், அன்றைய பண்டிகை அல்லது நோன்பு ஆகியவை பொடி எழுத்தில் அடைபட்டிருக்கும். தாளின் தலைப்பில் கிறித்தவ ஆண்டு, சக ஆண்டு, ஒடியா சால் ஆண்டு ஆகியவற்றோடு, பூரி கஜபதி மன்னரின் ‘அங்க’ ஆண்டும் உண்டு. இந்த அங்கக் கணக்கு விநோதமானது. அரியணை ஏறிய முதல் ஆண்டை 1 என்று எழுதாமல் 2 என்றே தொடங்குவார்கள். 6இல் முடியும் எண்களையும், 10 நீங்கலாக 0இல் முடியும் எண்களையும் தாண்டிவிடுவார்கள். இப்போதைய கஜபதியான திவ்யசிங்க தேவர் 1970இல் பட்டத்துக்கு வந்தவர் என்பதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அங்க ஆண்டு மாறுவதும் ஜனவரியில் அன்று, பாத்ரப மாத வளர்பிறைத் துவாதசியான சுனியா நாளில்.

தமிழ் வாசகர் இதைப் பயன்படுத்தத் தொடங்கும்போது முதலில் இடறும் இடம் மாதங்கள்தான். ஒடியா வழக்கில் பண்டிகைகளுக்கான சந்திர மாதம் பௌர்ணமியோடு முடிகிறது. சூரிய மாதமோ சங்கராந்தியோடு தொடங்குகிறது. இரண்டும் ஒரே தாளில் அருகருகே ஓடுகின்றன. 2025இல் இவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 5. நமக்கு அது ஐப்பசிப் பௌர்ணமி, அன்னாபிஷேக நாள். நம் வீட்டில் கார்த்திகை தீபம் ஏற்றிய டிசம்பர் 3ஆம் தேதி, இங்கே மார்கசிர மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. சங்கராந்தியிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்குப் பின் என்றால் நாம் மாதப் பிறப்பை மறுநாளுக்குத் தள்ளுவோம். ஒடிசாவிலோ ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையில் எப்போது மாறினாலும் அந்த நாளே சங்கராந்தி. அதனால் சில மாதங்கள் நம்முடையதற்கு ஒரு நாள் முந்திப் பிறக்கும். நாட்காட்டி இதை எங்கும் விளக்குவதில்லை.

திதி முடியும் நேரங்கள் கைப்பேசி காட்டுவதிலிருந்து சற்றே விலகியிருப்பதைக் கண்டு பிழை என்று நினைத்துவிட வேண்டாம். ஒடிசாவின் கண்டபடாவில் பிறந்த வானியலாளர் சாமந்த சந்திரசேகரர் (1835–1904), தொலைநோக்கி இல்லாமல், மூங்கிலும் மரமும் கொண்டு தாமே செய்த கருவிகளால் வானத்தை அளந்து, ‘சித்தாந்த தர்ப்பணம்’ என்ற வடமொழி நூலில் கிரக கணிதத்தைத் திருத்தி எழுதினார். 1899இல் அது அச்சேறியது. பூரி ஜகன்னாதர் கோயிலின் சடங்கு நேரங்கள் இன்றும் அவர் வழிக் கணக்கையே சார்ந்தவை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இத்தகைய வேறுபாடு புதிதன்று.

ரத யாத்திரை, தீபாவளி போன்றவற்றை அறிய இந்த நாட்காட்டி தேவையில்லை. அவற்றைத் தெருவே சொல்லிவிடும். இதன் உண்மையான பயன் ‘ஓஷா’க்களில் இருக்கிறது. உபவாசம் என்ற சொல்லே திரிந்து ஓஷா ஆயிற்று என்பார்கள். புரோகிதர் இல்லாமல், கதையை ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்க, பெண்கள் தாங்களே நடத்தும் நோன்புகள் இவை. பாத்ரப மாத ஞாயிறுகளில் மணமாகாத பெண்கள் மங்களா தேவிக்கு நொய்யரிசி படைத்து நோற்கும் குதுருகுணி ஓஷா அவற்றுள் ஒன்று. கடல் வணிகம் செய்யப்போன ஏழு அண்ணன்மாருக்காகக் காத்திருந்து, அண்ணிமாரிடம் துன்பப்பட்ட தபோயி என்ற பெண்ணின் கதை அன்று வாசிக்கப்படுகிறது. ஞாயிறுதோறும் சின்னஞ்சிறு சிவப்பெழுத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதைக் கண்டபோது கொடுத்த காசு செரித்துவிட்டது. ஜூன் 14 முதல் 17 வரையிலான நான்கு கட்டங்களும் அப்படித்தான்: பகிலி ரஜ, ரஜ சங்கராந்தி, பூமி தகனம், வசுமதி ஸ்நானம் என்று தனித்தனியே பெயரிட்டு ஓரத்தில் ஓர் ஊஞ்சலும் வரைந்திருந்தார்கள். பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று மண்ணில் ஏர் படாமல் விட்டு, பெண்கள் ஊஞ்சலாடிக் கழிக்கும் நாட்கள் அவை.

ஆனால் நாட்காட்டி நாளைச் சொல்லுமே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. கார்த்திகை மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு வேளை மட்டும் ஹபிஷ என்ற விரத உணவு உண்பவர்கள் பலர். முடியாதவர்கள் ஏகாதசி முதல் பௌர்ணமி வரையிலான கடைசி ஐந்து நாட்களாவது மீனையும் இறைச்சியையும் விடுவார்கள். கொக்குகூட மீன் தொடாது என்று சொல்லப்படும் அந்தப் பஞ்சுகம் முடிந்த மறுநாள்தான் சாடகாய், விட்டதைச் சேர்த்துத் தின்னும் நாள். 2025இல் அது நவம்பர் 6, வியாழக்கிழமை. அன்றே மார்கசிர மாதமும் பிறந்தது; அந்த மாத வியாழன்களோ மாணபசா. வாசலில் அரிசிமாவால் ஜோட்டி வரைந்து, நெல் அளக்கும் மாணத்தில் லட்சுமியை எழுந்தருளச் செய்து, பலராம தாசரின் லட்சுமி புராணத்தை வாசிக்கும் நாள். அன்று மீன் வாசனையே ஆகாது. ஒரே கட்டத்தில் இரண்டையும் அச்சிட்டுவிட்டு நாட்காட்டி பேசாமல் இருந்துவிட்டது. எதிர்வீட்டு மவுசியிடம் (மவுசி என்றால் சித்தி) கேட்டேன். “லட்சுமி முதலில், மீன் நாளைக்கு” என்றார். எங்கள் தெரு மீன்கடையில் வெள்ளிக்கிழமை காலைதான் நிற்க இடமில்லை.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்தில் திருமணம், பூணூல், கிரகப்பிரவேச முகூர்த்தங்களை அச்சிட்டிருக்கும் எழுத்து, வயதானவர்கள் உருப்பெருக்கி இல்லாமல் படிக்கக்கூடியதன்று. தாளின் மூன்றில் ஒரு பங்கை நகைக்கடை விளம்பரங்கள் விழுங்குகின்றன. மழைக்காலத்தில் சிவப்பு மை கசிந்து, ஆகஸ்ட் மாதத்து விடுமுறைகள் பாதி அழிந்தே போயின. இவற்றைவிட என்னை உறுத்தியது கரையோர மாவட்டங்களின் பக்கம் சாய்ந்த பார்வை. சம்பல்பூர்ப் பகுதியின் புத்தரிசித் திருநாளான நுவாகாய் அரசு விடுமுறை என்பதால் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதே பகுதியில் மகாஷ்டமியன்று அக்கா தங்கைமார் அண்ணன் தம்பிக்காகப் பட்டினி கிடக்கும் பாய் ஜியுந்தியா நான் வாங்கிய பதிப்பில் இல்லவே இல்லை. ஏகாதசிகளோ ஒன்றுவிடாமல் பெயரோடு இருக்கின்றன. அவற்றை நோற்க நினைப்பவர் அன்று பூரிக்குப் போனால், ஏகாதசியிலும் அன்னப் பிரசாதம் உண்ணலாம் என்பதே அங்குள்ள வழக்கம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒடியா எழுத்து கொஞ்சமாவது வாசிக்கத் தெரியாதவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஒரு மவுசி இருப்பவருக்கும் 80 ரூபாய் அதிகமில்லை. 2026 பதிப்பையும் வாங்கி மாட்டிவிட்டேன். சந்திரக் கணக்கைச் சரிசெய்ய இடையில் சேர்க்கும் ‘அதிக மாதம்’ வருவதால் அதில் ஜேஷ்ட மாதம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது: சாவித்திரி அமாவாசை மே 16இலேயே வந்துவிடுகிறது, 2025இல் ஜூன் 27இல் ஓடிய தேர் ஜூலை 16 வரை காத்திருக்கிறது. மஞ்சள் இலை வரும் நாளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்; மை கசிந்தாலும் அது நிற்கும்.